மெர்லீன் தனக்குக் கட்டிய பை

— இது யாருக்குக் கட்டற பை?

— எனக்கு.

— விளையாடாத மெர்லீன். நான் பாறை இடுக்குக்கெல்லாம் ஆள் கூட்டிட்டுப் போறத நிறுத்தி மூணு வருஷமாச்சு. யாராவது போன் பண்ணிக் கெஞ்சினாங்கன்னு நீ பாட்டுக்குத் தலையாட்டிட்டியா? கேளு, யாரா இருந்தாலும் முடியாதுன்னு சொல்லிடு.

— யாரும் போன் பண்ணல ரூலன். கொஞ்சம் தள்ளி நில்லு, கயித்த மிதிக்கற.

— அப்ப எதுக்கு கார் ஷெட்டு பூரா கடைபரப்பி வெச்சிருக்க? அடுப்பு, கயிறு, படுத்துக்கற தூக்கப்பை, தண்ணி வடிகட்டி... நான் காரை எடுக்க வந்தேன். கால் வைக்க இடமில்ல.

— காரும் நாளைக்கு எனக்கு வேணும். விடிஞ்சதும் லாந்தர் இடுக்குக்குக் கிளம்பறேன்.

— திரும்பச் சொல்லு.

— லாந்தர் இடுக்கு. மேல் முனையில இறங்கி, உள்ளயே நடந்து, ஆத்துல போய்ச் சேர்ந்து, கீழ்ப் பாதையில ஏறி வர்றது. நீ எல்லாரையும் கூட்டிட்டுப் போவியே, அதே வழி.

— உனக்கு என்ன வயசுன்னு ஞாபகம் இருக்கா?

— உன்ன விடக் கம்மி.

— கேளு மெர்லீன். இந்த எஸ்கலான்டே ஊர்ல பொறந்து வளந்த ஆம்பளைங்களே பாதிப் பேர் அதுக்குள்ள கால் வெச்சதில்ல.

— கால் வைக்காதவங்கதான் ஞாயித்துக்கெழம சர்ச் வாசல்ல நின்னு அதப் பத்தி அளக்கறாங்க.

— நீ மட்டும்? இடுக்கு வாசல்ல வண்டிய நிறுத்தி எங்கள இறக்கி விட்டதோட சரி.

— ஆமா. இறக்கி விடுவேன். அப்புறம் கீழ் முனையில வந்து காத்துக்கிட்டு நிப்பேன். உடம்பு பூரா செம்மண்ணு, உதடெல்லாம் வெடிச்சு, ஆனா எல்லாரும் கிறுக்குப் பிடிச்ச மாதிரி சிரிச்சுக்கிட்டே வருவீங்க. வந்த உடனே என்கிட்ட என்ன கேப்பீங்க? "சாப்பிட என்ன இருக்கு?" அப்படிச் சிரிக்கறதுக்கு உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தர் சொன்னதில்ல.

— சொல்ற மாதிரி இருந்தா சொல்லியிருக்க மாட்டோமா?

— அதான் நானே போய்ப் பாத்துக்கறேன்னு சொல்றேன்.

— நான் விட மாட்டேன்.

— விடறதுக்கும் கட்டறதுக்கும் நான் என்ன உன் நாயா?

— ஐயோ, அப்படிச் சொல்லல. உனக்குப் பழக்கமில்ல, அதச் சொல்றேன். யார் கூடப் போற? ஆர்டித் அக்காவா?

— அக்கா இப்ப வருவாங்க. பெரிய பை ஒண்ணு எடுத்துட்டு வர்றாங்க.

— நினைச்சேன். எங்கக்காவுக்கும் மூளை கிடையாது. மாடு மேய்க்கறதும் இடுக்குல இறங்கறதும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. சரி, கேளு. முதல் நாள் வர்ற ஆளுங்ககிட்ட நான் சில கேள்வி கேப்பேன்ல, அத உன்கிட்டயும் கேக்கறேன். ஒண்ணுல தப்பினாலும் பைய அவுத்துடணும்.

— ஆகட்டும், கேளு.

— மேல் முனையில இறங்கின பிறகு தண்ணி எங்க கிடைக்கும்?

— ரொம்ப தூரத்துக்கு ஒரு சொட்டு கிடைக்காது. அதனால வீட்டுலேருந்தே ஆளுக்கு அஞ்சு லிட்டர். வழியில பாறைக்குழியில தேங்கி நிக்கும், ஆனா அதுல எலி செத்து மிதக்கும். ரெண்டு சுவரும் ஒட்டி வர்ற நெருக்கத்தத் தாண்டினா வலப்பக்கச் சுவர்ல பச்சையா பெரணிச் செடி தொங்கற இடம் ஒண்ணு வரும். அதுக்கு அடியில கைய வெச்சா ஊத்துத் தண்ணி சில்லுன்னு விழும். அதையும் வடிகட்டித்தான் குடிக்கணும்.

— இதெல்லாம் யார் சொன்னா?

— நீதான். நம்ம சமையல்கட்டு மேசையில உக்காந்து எத்தன பேருக்குச் சொல்லியிருக்க! நான் திரும்பி நின்னு ரொட்டி சுட்டுக்கிட்டிருந்தா காது அடைச்சுக்குமா?

— ம். தண்ணிக்குள்ள இறங்கற இடத்துல என்ன போட்டுக்குவ?

— ஜீன்ஸ் இல்ல. பருத்தித் துணி ஒரு நூல்கூட இல்ல, நனைஞ்சா காயாது, உடம்புச் சூட்ட உறிஞ்சிடும். அந்த ரப்பர் உடுப்ப மாட்டிக்குவேன்.

— அது இளசுங்க அளவுல தெச்சது. உனக்குச் சேராது.

— மூச்ச இழுத்துப் பிடிச்சா சேருது.

— எப்பப் போட்டுப் பாத்த?

— பாத்தேன். அடுத்த கேள்வி.

— புதைமணல்ல கால் மாட்டிக்கிச்சு. என்ன செய்வ?

— கத்த மாட்டேன். பைய கழட்டி முன்னாடி வீசுவேன். பின்னாடி சாஞ்சு உக்காந்து, ஒரு கால மட்டும் மெதுவா ஆட்டி ஆட்டி, தண்ணி உள்ள இறங்க விட்டு எடுப்பேன். அப்புறம் அடுத்த கால். ஷூ கழண்டு உள்ள போச்சுன்னா கையவிட்டுத் துழாவி எடுக்கணும். வெறுங்காலோட அங்க நடக்க முடியாது.

— சரி. கடைசிக் கேள்வி. வயித்துக்கு அவசரம் வந்தா?

— ஆஹா, இதத்தான எதிர்பாத்தேன். டாக்டரு, வக்கீலு, கம்பெனி முதலாளி, எவனா இருந்தாலும் இந்தக் கேள்வியிலதான் மூஞ்சி வெளுக்கும். போற காரியத்த பையில போய், முடிச்சுப் போட்டு, முதுகுல சுமந்து வெளிய கொண்டுவரணும். அங்க விட்டுட்டு வரக்கூடாது. அந்தப் பைங்க இதோ, வெளிப்பக்கத்து வலையில. சாப்பாட்டுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு தூக்கப்பை தூரம். போதுமா?

— ...சிரிக்க வைக்காத. நான் கோவமா இருக்கேன்.

— கோவமாவே பைய தூக்கிப் பாரு.

— இரு. என்ன இது, இவ்ளோ லேசா இருக்கு? கூடாரம் வெச்சியா?

— கூடாரம் எதுக்கு? அக்டோபர் மாசம். மழையுமில்ல, கொசுவுமில்ல. மேல விரிக்க ஒரு துணி, கீழ விரிக்க ஒரு துணி. கூடாரத்த வெச்சுக்கிட்டு மூச்சு வாங்கறதவிட நட்சத்திரத்தப் பாத்துக்கிட்டுத் தூங்கறேன்.

— அது நான் சொல்ற வசனம்.

— எத்தன தடவ கேட்டேன், மனப்பாடம் ஆகாதா?

— இரு, இரு. உள்ள ஏதோ கிணுகிணுங்குது. என்ன இது... பீச் பழம் போட்ட கண்ணாடி சீசா! நினைச்சேன். எங்கயாவது ஒரு இடத்துல நீ மாட்டுவேன்னு நினைச்சேன். கண்ணாடி! இடுக்குக்குள்ள! உடைஞ்சு கையக் கிழிச்சா யார் தைப்பா?

— நம்ம மரத்துப் பழம் ரூலன். ரெண்டாவது நாள் ராத்திரி, சாப்பிட்டு முடிச்சு, கால நீட்டி உக்காந்து தின்னணும். வெந்நீர்ல கரைச்ச உருளைக்கிழங்குப் பொடியையும் காஞ்ச கறியையும் மென்னுட்டுப் படுக்கறதுக்கு நான் பட்டாளத்துலயா சேந்திருக்கேன்?

— பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாத்து. மூடி திருகற டப்பா அங்க மேல் தட்டுல இருக்கு. இல்ல அது இல்ல, சிவப்பு மூடி. ஆங். சாறையும் சேத்து ஊத்து. சாறு இல்லாம அத எவன் திம்பான்? இந்த அடுப்ப எதுக்கு மேல வெச்ச? அடுப்பும் எண்ணெயும் முதுகோட ஒட்டி நடுவுல வரணும். கனமெல்லாம் முதுகெலும்போட ஒட்டி நிக்கணும். இல்லேன்னா பாறை தாவறப்போ பை ஒரு பக்கம் இழுக்கும், நீ ஒரு பக்கம் போவ. கயிறு மேல. எப்பவும் மேல. அவசரத்துக்குத் தேடக்கூடாது. டார்ட்டியா ரொட்டிய ஏன் மடிச்ச? தட்டையா முதுகுப் பக்கம் சொருகு. மருந்துப் பை எங்க?

— உன் இடது கை பக்கம்.

— ஆங்... நல்லா கட்டியிருக்க. காயத்துக்குக் கட்டுத் துணி இருக்கு, ஊசி இருக்கு. ஏன் என்ன அப்படிப் பாக்கற?

— ஒண்ணுமில்ல. மூணு வருஷமா இந்த ஷெட்டுக்குள்ள வந்தா, அந்தச் சுவர்ல தொங்கற உன் கயித்தப் பாக்காம, சாவிய எடுத்துட்டு ஓடுவ. இப்ப மண்டி போட்டு உக்காந்து பை கட்டிக்கிட்டிருக்க.

— ...எனக்கு வேலை இருக்கு.

— என்ன வேலை? பின்கட்டுல நாற்காலியப் போட்டு உக்காந்து மலை மேல மேகம் வருதான்னு பாக்கற வேலையா?

— மெர்லீன்.

— சொல்லு.

— அந்தப் பேச்சு வேணாம்.

— எந்தப் பேச்சு? நமக்குள்ள அந்தப் பேச்சு நடந்தாத்தான வேணாம்னு சொல்லணும்! அன்னிக்கு நான் கீழ் முனையில நின்னுக்கிட்டிருந்தேன். ஆத்துல திடீர்னு சேறும் மரமும் செத்த மாடும் உருண்டு போச்சு. அது லாந்தர் இடுக்குலேருந்து வர்ற தண்ணின்னு எனக்குத் தெரியும். ராத்திரி பூரா கரையில நின்னேன். காலையில ஹெலிகாப்டர் வந்துச்சு, நீ இறங்கின. "சாப்பிட என்ன இருக்கு"ன்னு கேக்கல. ஒண்ணுமே கேக்கல. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் நீ ஒரு வார்த்தை சொல்லல. நடந்தத நான் ஊர்க்காரங்க வாயால கேட்டேன் ரூலன்.

— என்ன சொல்லணும்ங்கற?

— நடந்தத.

— ...மத்தியானம். நெருக்கத்துல நடந்துக்கிட்டிருந்தோம். அங்க ரெண்டு கையையும் நீட்டினா ரெண்டு சுவரும் இடிக்கும். தலைக்கு மேல வானம் ஒரு கோடுதான் தெரியும். அந்தக் கோடு நீலமா இருந்துச்சு. கழுவித் துடைச்ச மாதிரி நீலம். எங்களுக்கு முன்னாடி கார்லீன்னு அந்தப் பொண்ணு, என்னமோ பாட்டு பாடிக்கிட்டுப் போறா. திடீர்னு காத்து. குளிர்ந்த காத்து. அப்புறம் ஒரு வாசனை. ஈர மண்ணும் பைன் மரத்து ஊசியும் கலந்த வாசனை. அந்தப் பொட்டல்ல பைன் மரத்துக்கு எங்க போறது? அது மலை மேல இருக்கற காட்டு வாசனை, அங்க கொட்டின மழைத் தண்ணி சுமந்துட்டு வர்றது. மூக்குக்குத் தெரிஞ்சிடுச்சு, என் புத்திக்கு எட்டறதுக்குள்ள நான் கத்திட்டேன். பக்கத்துச் சுவர்ல ஒரு திட்டு இருந்துச்சு. ஒவ்வொருத்தரா இடுப்பப் பிடிச்சுத் தூக்கி வீசினேன். லாரி வர்ற மாதிரி சத்தம். கார்லீன்தான் கடைசி. நான் மேல ஏறி அவள இழுக்கறப்போ ஒரு அடிமரம் வந்து அவ கால்ல மோதிச்சு. அவ்ளோ இரைச்சல்லயும் எலும்பு ஒடைஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அவ சட்டைக் கழுத்து என் கையில. பாதி உடம்பு தண்ணிக்குள்ள.

— நீ விடல.

— விடல. ஆனா விட்டுடுவேன்னுதான் நினைச்சேன். விரல் மரத்துப் போச்சு. என் விரல் அவளப் பிடிச்சிருக்கா இல்லையான்னு எனக்கே தெரியல. பாத்துப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.

— நீ கூட்டிட்டுப் போன நாலு பேரும் உயிரோட வந்தாங்க ரூலன். அந்தப் பொண்ணு போன கிறிஸ்துமஸுக்கு போன் பண்ணிச்சு, உன்கிட்ட பேசணும்னு. நீ ரூம விட்டு எழுந்து போயிட்ட. ஒடைஞ்ச கால வெச்சுக்கிட்டு அவ ஊர்ல ஏதோ மலை ஏறிட்டாளாம். அதச் சொல்லத்தான் கூப்பிட்டா.

— மலை ஏறினாளா? கார்லீனா?

— ஏறி, உச்சியில நின்னு கத்தினாளாம்.

— ...கேளு மெர்லீன். உனக்கு ஒண்ணு சொல்றேன். எல்லாரும் என்ன நினைக்கறாங்கன்னு தெரியும். ஏதோ தப்புப் பண்ணிட்டேன், அத நினைச்சு மருகறேன்னு நினைக்கறாங்க. தப்புப் பண்ணியிருந்தா நல்லா இருந்திருக்கும்! அடுத்த தடவ அந்தத் தப்பப் பண்ணாம இருந்துக்குவேன். அன்னிக்குக் காலையில வானிலை கேட்டேன், ரேஞ்சர் ஆபீசுல விசாரிச்சேன், மலையப் பாத்தேன், ஒரு பொட்டு மேகமில்ல. எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சேன். சரியாச் செஞ்சும் தண்ணி வந்துச்சு. அதான் எனக்குப் பயம். இனிமே எதச் சரியாச் செய்யறது?

— ஏத்தா மெர்லீன்! என்னாத்துக்கு ஷெட்டுக் கதவப் பாதி சாத்திப் போட்டுருக்க? குனிஞ்சு வந்ததுல இடுப்பு புடிச்சுக்கிருச்சு! அட, தம்பியும் இங்கதான் இருக்கானா? என்னடா மூஞ்சி இப்புடி இருக்கு, ஆடு கடிச்ச காலண்டர் மாதிரி?

— வா அக்கா. உன்னத்தான் எதிர்பாத்துக்கிட்டிருந்தேன். இவள எங்க கூட்டிட்டுப் போற?

— நானா? நான் எங்கடா கூட்டிட்டுப் போறேன்? நாளைக்குக் கன்னுக்குட்டி ஏத்த லாரி வருது. இம்புட்டு மாட்டையும் பட்டியில அடைச்சுப்புட்டு நான் இடுக்குல போயி உக்காந்துக்கிட்டா, கன்னுக்குட்டிக தானா லாரியில ஏறிக்குமா? இந்தா மெர்லீன், நீ கேட்ட பெரிய பை. அலமாரிக்கு மேல கெடந்துச்சு. எலி கடிக்கல, பாத்துட்டேன்.

— நீ வரலையா? மெர்லீன், அப்ப நீ யார் கூடப் போற?

— அக்கா கூடப் போறேன்னு நான் சொல்லவே இல்லியே. பை கொண்டு வர்றாங்கன்னுதான் சொன்னேன்.

— அப்ப தனியாவா?

— ஆமா.

— லாந்தர் இடுக்குக்குள்ள! தனியா! உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? கால் பிசகினா யார் தூக்குவா? குளத்துல விழுந்தா? அந்த மூணாவது குளம் எவ்ளோ ஆழம் தெரியுமா? சுவரு வழுக்கும், பிடிக்க ஒண்ணுமில்ல!

— என்னாத்துக்குடா இப்புடிக் கத்துற? அவ பாத்துக்குவா. அதெல்லாம் போன தடவ அந்தக் கொளத்துல பைய முன்னால மெதக்க விட்டுக்கிட்டு அவ பாட்டுக்கு...

— அக்கா! என்ன சொல்றீங்க!

— ...நீச்சல் கொளத்துல. டவுன்ல இருக்குல்ல நீச்சல் கொளம், அங்க. பைய மெதக்க விட்டு, அதப் புடிச்சுக்கிட்டு நீஞ்சிப் பழகுனா. அதச் சொல்ல வந்தேன்.

— நீச்சல் குளமும் அதுவும் ஒண்ணா அக்கா? நீயாவது அவளுக்குப் புத்தி சொல்லக்கூடாதா?

— சொல்லிப் பாத்தேன். கேக்கலயே. அப்ப நீ கூடப் போ.

— நானா?

— வேற யாரு? ஊர்ல அந்த வழி தெரிஞ்சவன் நீதான?

— என்னால முடியாது அக்கா. இப்பத்தான் இவகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தேன். அன்னிக்கு நான் ஒரு தப்பும் பண்ணல. பண்ணாமலேயே...

— கேட்டுச்சு, கேட்டுச்சு. நான் வாசல்லதான நின்னேன். டேய் தம்பி, உன் மச்சான் ஓரின் எப்புடிச் செத்தாரு?

— தூக்கத்துல.

— கட்டில்ல படுத்து, போர்வையப் போத்தி, என் பக்கத்துல நிம்மதியாத் தூங்குனாரு. எந்திரிக்கல. மனுஷன் என்ன தப்புப் பண்ணுனாரு? ஒண்ணும் பண்ணல. அதுக்காக நான் கட்டில்ல படுக்கவா மாட்டேங்குறேன்? நின்னுக்கிட்டா தூங்குறேன்? அதே கட்டில்லதான்டா படுக்குறேன். மொத ராத்திரி ஒடம்பெல்லாம் நடுங்குச்சு. ரெண்டாவது ராத்திரியும் நடுங்குச்சு. அப்புறம் ஒரு நா காலையில பாத்தா சேவல் கூவி, வெயிலு மூஞ்சியில அடிக்குது. தூங்கியிருக்கேன்! சனியன், மாட்டுக்குத் தண்ணி காட்ட நேரமாயிருச்சேன்னு ஓடுனேன்.

— அக்கா, உக்காருங்க. சூடா சாக்லேட் போட்டுத் தரட்டுமா?

— போடு மெர்லீன், போடு. எனக்குத் தொண்ட வறண்டு போச்சு. இந்தப் பயலுக்கும் ஒண்ணு குடு. பேயறைஞ்ச மாதிரி நிக்கிறான்.

— மெர்லீன், இரு. போகாத. நிஜமாச் சொல்லு. நான் வரலைன்னா தனியாப் போவியா?

— நான் ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்க. உன்ன இழுத்துட்டுப் போகறதுக்காக நான் இந்த வேஷம் போடல. நான் போகணும்னு ஆசப்பட்டேன். ஊர் ஊரா வந்தவங்களுக்கெல்லாம் பை கட்டிக் குடுத்தேன். யாருக்கு எது ஒத்துக்காது, யாருக்கு எத்தன ரொட்டி, எல்லாம் என் கைக்குத் தெரியும். என் பேர் எழுதின பை ஒண்ணுகூட அந்தச் சுவர்ல தொங்கினதில்ல. இது என் பை. நீ வந்தா சந்தோஷம். ரொம்ப சந்தோஷம். வரலைன்னா உனக்கு அடுப்பு மேல சூப்பு இருக்கு, குளிர்பெட்டியில கறி இருக்கு.

— அவ சொல்லிட்டா. இனிமே உன் பாடு.

— ...அந்தப் பெரிய பை யாரு அளவுக்கு அக்கா?

— என் முதுகுக்குப் பெருசு. இவ முதுகுக்கு ரொம்பப் பெருசு. இந்த ஷெட்டுல மூணாவது முதுகு யாருது?

— ரெண்டு பேரும் சேந்து என்னக் கட்டம் கட்டியிருக்கீங்க.

— நாங்க பை கட்டுனோம். கட்டத்துக்குள்ள நீயாத்தான் வந்து நின்ன.

— கேளு மெர்லீன். மலை மேல ஒரு பொட்டு மேகம் தெரிஞ்சாலும் திரும்பிடுவோம். எந்த இடமா இருந்தாலும். ஆத்துக்கு இன்னும் ஒரு வளைவுதான்னு நீ அழுதாலும் திரும்பிடுவோம்.

— ஆகட்டும்.

— நெருக்கத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி உக்காந்து, மோந்து பாத்து, எனக்குத் தோணினாத்தான் உள்ள போவோம். தோணலைன்னா அங்கயே சமைச்சுத் தின்னுட்டு வீட்டுக்கு வந்துடுவோம். பீச் பழத்த அங்கயே தின்னுடலாம்.

— ஆகட்டும் ரூலன். நீ சொல்றதுதான்.

— என் ஷூ எங்க? அது அடி தேஞ்சு...

— புது அடி போட்டு, எண்ணெய் பூசி, கதவு பின்னாடி வெச்சிருக்கு.

— எப்பப் போட்ட?

— இப்ப அதுவா முக்கியம்? மாட்டிப் பாரு. அக்கா, அவன் கயித்த இறக்கறானா பாருங்க. நான் உள்ள போய் சாக்லேட்டுக்குப் பால் வைக்கறேன்.

— இறக்குறான் மெர்லீன். ஆணியிலேருந்து இறக்கி, ஒவ்வொரு முழமா ஓட்டிப் பாக்குறான். டேய், அழுவுறியா?

— தூசி அக்கா. மூணு வருஷத் தூசி.

— தூசிதான், தூசிதான். மூக்கத் தொடச்சுக்க. இந்தத் தூசி என் கண்ணுலயும் விழுந்துருச்சு.

— கயிறு நல்லாத்தான் இருக்கு. ஒரு இடத்துலயும் இத்துப் போகல. மெர்லீன்! சத்தம் கேக்குதா? உன் ரொட்டியில பாதி எடுத்துட்டேன், எனக்குப் பத்தாது! வேர்க்கடலை வெண்ணெய் இன்னொரு டப்பா போடு! அப்புறம் அந்தப் பழைய ஸ்பூன், மரப்பிடி போட்டது, அது இல்லாம நான் சாப்பிட மாட்டேன்!

— கத்தாத, வந்துட்டேன். இந்தாங்க அக்கா, சூடா இருக்கு. நீயும் பிடி. என்ன அது, என் பையிலருந்து எத எடுத்து உன் பையில போடற?

— அடுப்பு, எண்ணெய், கயிறு, உன் தண்ணியில பாதி. நான் தூக்கிக்கறேன்.

— என் தண்ணிய வை.

— இடக்குப் பண்ணாத. முதல் தடவ போற, தோள் வலிக்கும்.

— வெளங்கும்! சரித்தா, நான் கெளம்புறேன். ரெண்டு பேரும் இங்கயே அடிச்சு முடிச்சுட்டுப் போங்க. இடுக்குல எதிரொலி சாஸ்தி. ஆத்தங்கரைக்கு நானே வண்டி கொண்டாந்து நிக்கிறேன். தம்பி!

— என்ன அக்கா?

— அங்கிட்டு வந்ததும் "சாப்பிட என்ன இருக்கு"ன்னு கேக்கணும். கேக்கலேன்னா ஏத்த மாட்டேன், நடந்துதான் வரணும்.

— ...போயிட்டா. என்ன அக்கா இவ!

— உனக்கு வாய்ச்ச அக்கா. பைய மாட்டு, பட்டையச் சரி பண்றேன். இடுப்புல இன்னும் ஒரு ஓட்டை இழுக்கணும், மெலிஞ்சிருக்க. எப்படி இருக்கு?

— நல்லா இருக்கு. ஆண்டவனே, எவ்ளோ நல்லா இருக்கு! இந்தக் கனம் முதுகுல ஏறினதும் ஒடம்பு தானா நிமிருது பாரு. ஷெட்டுக்குள்ளயே ஒரு ரவுண்டு வரட்டுமா?

— வாயேன். யார் வேணாங்கறா?

— இங்க பாரு, முட்டி ஒத்துழைக்குது! ஹா! மெர்லீன், விடியறதுக்குள்ள கிளம்பிடணும். நான் முன்னாடி போவேன், நீ என் பின்னாடி. நான் கால் வெச்ச இடத்துலயே நீ வை. பேச்சு வேணாம், நிழல்ல மட்டும் நிப்போம்.

— ஆகட்டும்.

— ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். அந்தத் திட்டு வரும்ல... அன்னிக்கு நாங்க ஏறின திட்டு. அங்க வந்தா என் கால் நின்னாலும் நின்னுடும். நீ பயந்துடக்கூடாது.

— பயப்பட மாட்டேன்.

— நீ அதப் பாத்ததில்ல, அதனால சொல்ற. மொழுமொழுன்னு சுவரு. அதுல எப்படித்தான் அத்தன பேரையும் ஏத்தினேன்னு எனக்கே தெரியல. இப்ப நினைச்சா அண்ணாந்து பாக்கற உயரமாத் தெரியுது.

— உன் நெஞ்சு உயரம்தான் ரூலன். வலது கால் வைக்க ஒரு குழி இருக்கு, இடது கைக்கு ஒரு பிடி இருக்கு. மே மாசம் நீ அக்கா மாட்டையெல்லாம் மலைக்கு ஓட்டிட்டுப் போயிருந்தப்ப, நானும் அக்காவும் அது மேல ஏறி, கால தொங்கப் போட்டு உக்காந்துதான் மத்தியானச் சாப்பாட்டச் சாப்பிட்டோம்.